பழனியிலிருந்து வந்த வேப்பிலை

நாங்கள் குடியிருந்த வீட்டில் பேய் எதுவும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் வீட்டின் மேல்தான் பழி போடுகிறார்கள். கொடைக்கானல், தகரக் கூரை, வெள்ளைக்காரன் காலத்துச் சுவர் என்றதும் அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த தபால்காரர் குடும்பம் ஒன்பது வருஷம் நிம்மதியாக வாழ்ந்து நான்கு பிள்ளை பெற்றது. எங்கள் வீட்டுக்கு வந்தது பஸ்ஸில் வந்தது. என் வீட்டுக்காரர் அதைத் துண்டில் மூட்டையாகக் கட்டி, மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார்.

1957, பங்குனி மாதம். எங்கள் மகன் குழந்தைவேலுக்கு அப்போது நாலு வயது. ஒரு காலையில் அவன் நெற்றியில் இரண்டு கொப்புளம் இருந்தது. மத்தியானத்துக்குள் மார்பு, முதுகு, கக்கம் என்று நீர் கோத்து நின்றது. அம்மை கண்டிருக்கிறது, அம்மா வந்துவிட்டாள் என்று கும்பிட்டு, பையனைத் தனியாகப் பாய் விரித்துக் கிடத்தினேன். தாளிப்பதை நிறுத்தினேன், தலை வாருவதை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவது என்ற பேச்சே எங்கள் பக்கம் அப்போது கிடையாது.

எல்லாம் சரிதான், வேப்பிலைக்கு எங்கே போவது? அந்தக் குளிரில் வேம்பு வளராது. பிள்ளை அரிப்புத் தாங்காமல் விரலை மடக்கிக்கொண்டு அழுகிறான். பக்கத்து வீட்டு அன்னக்கொடி மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பத்துப் பெண். அவள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, தங்கள் ஊரில் வெறும் மஞ்சள் தண்ணீர்தான், அதிலேயே இறங்கிவிடும் என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் பழனி அடிவாரத்தில் பிறந்தவள். வேப்பிலை இல்லாமல் அம்மாவை வீட்டில் வைத்திருப்பது மரியாதை இல்லை என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பிடிவாதத்தை நினைத்து இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஞானவேலை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன்.

அக்கா விசாலாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் காவடி கட்டி வருகிறவர்கள் தங்குவதற்கு அறை விடுகிற குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தது. ஒரே மகள் கண்மணி. எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அவளைக் குளிப்பாட்டி, ஆடாம இரு என்று அதட்டித் தலை பின்னி வளர்த்தவள் நான்தான். ஒன்பது வயதில், அந்தத் தை மாதம் போய்விட்டாள். தந்தி வந்தபோது நான் குளிர்காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததால் அவர் மட்டும் போய் வந்தார். மூன்று நாள் காய்ச்சலாம் என்று சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் மூட்டையோடு வந்தார். மேலே பச்சைக் கொப்புகள். நடுவில், மஞ்சள் நூல் சுற்றிய காய்ந்த கொத்து ஒன்று. மாரியம்மன் கோயிலில் வைத்து எடுத்தது, பிள்ளை தலைமாட்டில் வைக்கச் சொல்லி அக்கா கொடுத்தாள் என்றார். தன் பிள்ளையைப் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, என் பிள்ளைக்காகக் கோயிலுக்குப் போயிருக்கிறாளே என்று அழுதுகொண்டே அதைக் கண்ணில் ஒற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

பச்சைக் கொப்பால் தடவத் தடவ பையன் அடங்கினான். காலிலிருந்து தலை வரைக்கும், தலையிலிருந்து கால் வரைக்கும் மெதுவாகத் தடவ வேண்டும். அவன் கண் செருகித் தூங்குகிறவரை கை வலிக்கத் தடவினேன்.

அடுத்த நாள் மத்தியானம் மழை தூறி, மூடுபனி இறங்கிவிட்டது. மூன்று மணிக்கே ஜன்னல் வெள்ளையாகி, எதிரே இருந்த மரம் தெரியவில்லை. நான் அடுப்படியில் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் காய்கறி மண்டிக்குப் போயிருந்தார். அறையிலிருந்து இலை உரசுகிற சத்தம் வந்தது. நான் தடவும்போது கேட்கிற அதே சத்தம், கொஞ்சம் வேகமாக.

பையனே கொப்பை எடுத்துக்கொண்டானோ என்று எட்டிப் பார்த்தேன். அவன் இரண்டு கையும் போர்வைக்குள் இருந்தன. முகத்தில் சிரிப்பு. கொப்பு அவன் மார்பின் மேல் கிடந்தது. அதன் நுனி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது.

யாரப்பா தடவினது என்று கேட்டேன். அக்கா என்றான். எந்த அக்கா என்றேன். அதற்குள் தூங்கிப்போனான்.

பிள்ளைகளுக்கு அம்மை நேரத்தில் என்னென்னவோ தெரியும் என்பார்கள், அம்மாவே வந்து தடவுகிறாள் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அறையில் ஒரு வாசனை இருந்தது. கனிந்த வாழைப்பழம், நெய், விபூதி எல்லாம் கலந்த வாசனை. அக்கா வீட்டு முன்கட்டில் பஞ்சாமிர்தம் பிசைகிற நாட்களில் அடிக்கிற வாசனை. கொடைக்கானலில் அது வருவதற்கு வழியே இல்லை.

அதற்கு அடுத்த நாள் பையன் பாயின் ஓரத்துக்கு நகர்ந்து, பாதி உடம்பு தரையில் கிடந்தான். நடுவில் தூக்கிப் போட்டேன். கூழைக் காய்ச்சி எடுத்து வருவதற்குள் மறுபடியும் ஓரத்தில் கிடந்தான். காய வேண்டிய கொப்புளங்கள் காயவில்லை. அவற்றுக்கு இடையில் புதிதாக முளைத்திருந்தன, பெரிதாக, கறுத்து. உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஏலே, ஏன் ஓரத்துல கெடக்க? நடுவுல படு."

"அக்கா படுக்கணும்மா" என்றான்.

பாயின் காலியான பாதியில் நான் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

எழுந்து ஓடத்தான் தோன்றியது. பிள்ளையை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? அவனை வாரி மடியில் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். வெளியே மூடுபனி. தகரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுகிறது. வாழைப்பழ வாசனை கிட்டே வந்தது. என் முட்டிக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தது தெரிந்தது.

"சித்தி."

பையனை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"எனக்கும் அரிக்குது சித்தி."

உலகத்தில் என்னைச் சித்தி என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

வீட்டுக்காரர் வந்ததும் அவரை உள்ளே விடவில்லை. பையனைத் தோளில் போட்டபடி வாசலிலேயே நிறுத்தி, கண்மணி எதில் செத்தாள் என்று கேட்டேன். காய்ச்சல் என்றார். பையன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அவர் கை எழும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொகம் பூரா மஞ்சளை அப்பி வச்சிருந்தாங்க. அம்மைதான். உங்கக்கா வெளிய சொல்லக் கூடாதுன்னு கையப் புடிச்சிட்டு அழுதுச்சு."

தைப்பூசச் சமயம். வீட்டில் அம்மை என்று தெரிந்தால் ஒரு காவடிக்காரன் அந்த வாசலை மிதிப்பானா? வருஷத்துக்கே அந்தப் பத்து நாள்தான் பிழைப்பு. அதனால் நிலையில் வேப்பிலை கட்டவில்லை. பிள்ளையைப் பின்கட்டு இருட்டறையில் போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். முன்கட்டில் மேளமும் கும்மாளமுமாக இருக்க, அவள் அங்கே கிடந்து அழுதிருக்கிறாள். தண்ணீர் ஊற்றாமலே போய்விட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அம்மா இறங்குவாள். ஊற்றாத பிள்ளை அம்மையோடேயே நிற்கும்.

அந்தக் காய்ந்த கொத்து கண்மணியின் படுக்கையிலிருந்து எடுத்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. அம்மை படுத்த படுக்கையின் இலையை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். இன்னொரு வீட்டுக்குள் கொண்டுபோவதை எதிரிகூடச் செய்யமாட்டான். அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். கோயிலில் வைத்தது என்றுதான் சொன்னாள் என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதை நம்புவதா வேண்டாமா என்பது இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

கொத்தை எடுத்துப்போய் ஓடையில் விட்டேன். ஒரு பலனும் இல்லை. திரும்பி வந்தபோது பையன் பாயின் ஓரத்தில்தான் கிடந்தான்.

இனி தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் மிச்சம். ஆனால் எப்படி ஊற்றுவது? ஒரே பாயில் இருவர் படுத்திருக்கிறார்கள். ஒரே தண்ணீரில் அவள் இறங்கிப் போகும்போது என் பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு போய்விட்டால்?

ஏழாம் நாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் காய வைக்க வேண்டும். வெயில் எங்கே இருந்தது? காலையிலிருந்து அண்டாவை முற்றத்தில் வைத்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூடுபனிக்குள் வேலிப்படலுக்கு அப்பால் ஒரு பெண் நின்றாள். முக்காடு போட்டிருந்தாள். நின்ற விதத்திலேயே அக்கா என்று தெரிந்துவிட்டது.

உள்ளே வரவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அவ போயிட்டாளாடி?"

என் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. அது எனக்கு முதலில் உறைத்தது. அவளே கொட்டினாள். கண்மணி போன பிறகு தினமும் பின்கட்டுக் கதவு தட்டப்பட்டதாம். அம்மா தடவிவிடு, அம்மா தடவிவிடு என்று குரல் கேட்டதாம். ஒரு வாரம் தடவினாளாம், அதற்கு மேல் முடியவில்லையாம். அம்மை கண்ட வீட்டுக்கு அனுப்பினால் அங்கே ஊற்றுகிற தண்ணீரோடு இறங்கிவிடும் என்று யாரோ வழி சொன்னார்களாம்.

"எம்புள்ளையும் கூடப் போயிட்டா என்னக்கா பண்றது?"

நான் காத்திருந்தேன். 'ஐயோ, அப்படி நினைக்கவில்லையே' என்று ஒரு பொய்யாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதையும் யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறாள். ஒரு வயிற்றில் பிறந்தவள்.

"உள்ள வா. உம்புள்ளைக்கு நீயே ஊத்து" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா."

அக்காவுக்கும் கேட்டது. அவள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். திரும்பினாள். நடந்தாள். பிறகு ஓடினாள். மூடுபனி மூடிக்கொண்டது. உள்ளிருந்து மறுபடியும் ஒருமுறை கூப்பிட்டது, அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

எனக்கு அப்போது பயம் போய்விட்டது. கோபம்தான் இருந்தது. பையனைத் தூக்கி வந்து முற்றத்துப் பலகையில் உட்கார வைத்தேன். அவன் தானாகவே நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான். முதல் சொம்பை அவன் தலையில் ஊற்றினேன். என் பிள்ளையை எனக்குக் கொடுத்துவிடு தாயே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இரண்டாவது சொம்பைக் காலியிடத்தில் ஊற்றினேன்.

தண்ணீர் நேராகத் தரையில் விழவில்லை. ஒரு தலையளவு உயரத்தில் தெறித்தது. இரண்டாகப் பிரிந்து தோள் வழியாக வழிந்தது.

அண்டா காலியாகிறவரை இருவருக்கும் மாற்றி மாற்றி ஊற்றினேன். போய்விடு கண்ணு, உனக்கும் ஊற்றியாயிற்று, போய்விடு என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன்.

அன்று சாயங்காலமே பையனுக்குச் சூடு தணிந்தது. பசிக்கிறது என்றான். பாயின் நடுவில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினான். மறுநாள் கொப்புளங்கள் சுருங்கி, பொருக்குத் தட்ட ஆரம்பித்தன. வாழைப்பழ வாசனை இல்லை. அன்னக்கொடி முதல் தடவையாக வீட்டுக்குள் வந்து பிள்ளைக்கு முட்டாய் கொடுத்தாள். என் வீட்டுக்காரரோடு நான் பேசவில்லை என்பதைத் தவிர எல்லாம் பழையபடி ஆனது.

மூன்றாம் தண்ணீரும் ஊற்றி முடித்த அன்று தலைக்குக் குளித்தேன். இரண்டு வாரமாக வாராத தலை சடைபிடித்துக் கிடந்தது. வீட்டுக்காரர் மண்டிக்குப் போயிருந்தார். பையன் எனக்கு எதிரே உட்கார்ந்து தீப்பெட்டியை வண்டியாக ஓட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சீப்பை எடுத்தேன். வெளியே மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது.

பின்னாலிருந்து சின்னச் சின்ன விரல்கள் என் கூந்தலைச் சேர்த்துப் பிடித்தன.

மூன்றாகப் பிரித்தன. பொறுமையாக, இழுக்காமல், பின்ன ஆரம்பித்தன.

பையன் நிமிர்ந்து என் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தான். மறுபடியும் தீப்பெட்டியை ஓட்டப் போய்விட்டான். சீப்பு என் கையிலிருந்து நழுவியது. திரும்பப் போனேன்.

"அம்மா, ஆடாம இரு" என்றாள்.

நான் ஆடவில்லை.