சாவில்லாத வீட்டு ஒப்பாரி

அழுதது மரியசெல்வி ஒருத்திதான். ஆனால் கொட்டகைக்குள் இரண்டு குரல்கள் கேட்டன.

முதலில் எதிரொலி என்றுதான் சூசைமாணிக்கம் நினைத்தான். திண்டுக்கல் பொருட்காட்சியில் 'சாவு வீடு' என்று ஒரு கொட்டகை, நாளைக்குத் திறப்பு. சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, மூன்று பக்கமும் திரையில் படம் விழ, நாலு மூலையிலிருந்தும் சத்தம் வர, உள்ளே நுழைகிறவன் நிஜமான இழவு வீட்டுக்குள்தான் நிற்கிறோமோ என்று வெலவெலத்துப் போக வேண்டும். எல்லாமே அவன் கம்ப்யூட்டரில் உண்டாக்கியது. காற்றின் ஊளை, நாயின் முனகல், சுருள் சுருளாகச் சாம்பிராணிப் புகை, கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திய ஆறடிப் பிணம். கெட்டிக்காரன்தான், சும்மா சொல்லக்கூடாது. ஒப்பாரி மட்டும் கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை. எப்படிச் செய்தாலும் சளி பிடித்தவன் பாடுவது போலவே இருந்தது.

அதனால் போன வாரம் வீட்டில் மைக்கை வைத்து மனைவி மரியசெல்வியிடம் கெஞ்சினான்.

"சாவில்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கலாமாங்க? அதுவும் நான் மாசமா இருக்கையில? யாரச் சொல்லி அழுறது?"

"யாரையும் சொல்லாத செல்வி. சும்மா 'என் ராசா'ன்னு அழு. செத்த நேரந்தான்."

அழுதாள். அழும்போது அவள் கை தானாக வயிற்றின் மேல் போனது. அதை அவன் பார்த்தான். பார்த்தும் நிறுத்தச் சொல்லவில்லை, பாவி! குரல் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

இப்போது உச்சி வேளையில் அந்தப் பதிவைக் கொட்டகைக்குள் ஓட விட்டிருந்தான். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே புதுத்துணியின் கஞ்சி நாற்றமும் சூடேறிய ஒயர் வாடையும் கலந்த கும்மிருட்டு. அந்த இரண்டாவது குரல் மெல்லியதாக, ஈரமாக, மூச்சு முட்டி முட்டி எழுந்தது. மரியசெல்வியின் குரலை நிறுத்தினான். அது நிற்கவில்லை. காற்றை நிறுத்தினான். நாயை நிறுத்தினான். அது மட்டும் அழுதது.

பச்சைக் குழந்தையின் அழுகை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். திரையில் கட்டில் அதேதான். துணிக்கு அடியில் இருந்த மேடுதான் சிறுத்திருந்தது. ஆறடி இல்லை. பாதி. பார்க்கப் பார்க்க, ஒரு முழம்.

பிளக்கைப் பிடுங்கினான். கம்ப்யூட்டர் அணைந்தது. புரொஜெக்டர் விளக்கு அணைந்தது. படம் அணையவில்லை.

செல்லில் வீட்டுக்கு அடித்தான்.

"செல்வி! வயித்துல பிள்ள நல்லா இருக்கா?"

"ஏன் இம்புட்டுப் பதறுறீங்க? காலையில இருந்து ஒரே உதைதான். இந்தா, இப்பக்கூட..." அவள் சிரித்தாள். மாதாவே! போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

கொட்டகைக்குள் அழுகை ஓய்ந்தது.

"ஏங்க..." அவள் குரல் மாறியிருந்தது. "உதைக்கிறது நின்னுருச்சுங்க. சட்டுன்னு நின்னுருச்சு. ஏங்க, கேக்குதா?"

திரையில், அந்த வெள்ளைத் துணிக்குள், ஏதோ உதைத்துக்கொண்டிருந்தது.