ஒரு செம்புக் கடல்

மீனுக்கு இமை கிடையாது. காசிமேட்டில் மீன்கூடை வைத்து உட்கார்ந்தே தலை நரைத்த குணசுந்தரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வஞ்சிரமானாலும் காரப்பொடியானாலும் செத்த பிறகும் முழித்துக்கொண்டுதான் கிடக்கும். அதனால்தான், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீளப் புல்லுக்கு நடுவிலிருந்து எட்டிப்பார்த்த அந்த மீன் நிதானமாக ஒருமுறை கண்ணை மூடித் திறந்தபோது, அவள் கையிலிருந்த டம்ளர் நழுவிக் கீழே உருண்டது. அடுத்த நொடி மீனைக் காணோம். புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தொட்டி அவள் மகன் ரஞ்சித்தினுடையது. நாளெல்லாம் கடலோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயும் தண்ணி வேண்டியிருந்தது, பாருங்கள்! கல்யாணமான புதுசில் கொளத்தூர் வளர்ப்புமீன் சந்தைக்குப் போய்க் கண்ணாடி, மண், செடி, சுண்டுவிரல் நீளத்தில் நீல மீன்கள் எல்லாம் வாங்கி வந்து, பெண்டாட்டி மகிழினியோடு உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக நட்டான்.

"இன்னாடா, கடல்ல இல்லாத மீனா?" என்று குணசுந்தரி கிண்டல் பண்ணுவாள்.

"இது துன்றதுக்கு இல்லம்மா, பாக்கறதுக்கு" என்பான்.

ஐப்பசிக் காற்றில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் வரவில்லை. உடம்பும் வரவில்லை.

உடம்பு கிடைக்காதவனுக்கு அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவன் போன கரையில் ஒரு செம்பு கடல்தண்ணி மொண்டு வந்து, விளக்கேற்றி வைத்து, அதையே அவனாக நினைத்து அழுது தீர்த்துவிட்டு, காரியத்தன்று பொழுது சாயும் முன் கடலிலேயே ஊற்றிவிட வேண்டும். ஊற்றாமல் வைத்துக்கொண்டால், கடல் வீடு தேடி வந்து இன்னொரு ஆளைக் கேட்கும். குணசுந்தரி ஊற்றவில்லை. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? ஊர் பார்க்க அவள் கடலில் கவிழ்த்தது உப்புக் கரைத்த குழாய்த்தண்ணி. மகன் போன தண்ணியை அவன் தொட்டியிலேயே கலந்துவிட்டு, "இங்கியே இரு நைனா" என்றாள்.

உப்புப் பட்டால் இந்தச் செடி அழுகிவிடும் என்று ரஞ்சித்தே சொல்லியிருக்கிறான். அழுகவில்லை. காடாக மண்டியது. நீல மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அதற்கப்புறம்தான் யாரும் வாங்கி விடாத இந்த மீன் தெரிய ஆரம்பித்தது. வால் தெரியும், முதுகு தெரியும், முழுசாகக் கண்ணில் படாது.

மகிழினி மாறினாள். சோறு இறங்கவில்லை. துவட்டத் துவட்டத் தலைமயிர் காயவில்லை. அவள் படுத்து எழுந்த பாயில் ஈரமும், நனைந்த வலையின் வாடையும். இருமினால் உப்புத்தண்ணி வந்தது. ஆஸ்பத்திரியில், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, எடுக்க எடுக்க ஊறுகிறது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அத்தே, அவரு கூப்டுகினே கீறாரு" என்றாள் நேற்று, தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "உள்ள குளுரவே குளுராதாம்."

குணசுந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. மகனைக் கடல் கொண்டுபோனது. இந்தப் பெண்ணைக் கொண்டுபோகப்போவது தன் கை அல்லவா? இன்று பொழுது சாயும் முன் அந்த மீனைப் பிடித்துக் கடலில் விட்டுவிடுவது என்று முடிவு பண்ணினாள்.

மகிழினி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எண்ணூர் ரோட்டில் வரிசையாய் நின்ற கண்டெய்னர் லாரிகளின் ஆரன் சத்தமும், ஹவுசிங் போர்டு மாடிப்படியில் ஒழுகும் தண்ணீரின் சத்தமும், மருமகளின் நெஞ்சுக்குள் கேட்ட களகள சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கிருந்து வருகிறதென்று பிரித்துச் சொல்ல முடியாமல் அந்த ஒற்றை அறையை நிறைத்தன. சின்னக் கைவலையைத் தொட்டிக்குள் விட்டு குணசுந்தரி புல்லை விலக்கினாள். மீன் வேருக்குள் போனது. வேரைத் துழாவினால் கல்லுக்குப் பின்னால் போனது. கல்லை எடுத்தால் எங்குமே இல்லை. கடலையே வலை போட்டு அரிக்கிற குடும்பத்துக்கு, நாலு கண்ணாடிக்குள் கிடக்கிற ஒன்றைப் பிடிக்க வக்கில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் தண்ணியை இறக்கினாள். குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறுமுனையை உறிஞ்சிச் சாக்கடைப் பக்கம் விட்டாள். வாயில் பட்டது தொட்டித்தண்ணி இல்லை, கடல். காறித் துப்பினாள். தண்ணீர் இறங்க இறங்கப் புல் மடிந்து படுத்தது. பச்சை வாடை எழுந்தது. மண் தெரிந்தது. மண்ணோரம், நாலு விரல் தண்ணியில், மீன்.

ஓடவில்லை. அவளையே பார்த்தது.

கையாலேயே அள்ளினாள். சூடு. மீன் சூடாக இருக்காது. இது இருந்தது. உள்ளங்கையில் கிடந்து, கண்ணை மூடித் திறந்தது.

"நைனா..." என்றாள். "போய்டுடா ராசா. அவ பொழைக்கட்டும்."

பின்னால் தொப் தொப்பென்று சத்தம்.

திரும்பினாள். மகிழினியின் குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. கண் நிலைகுத்தியிருந்தது. வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. சத்தமில்லை. மூச்சில்லை. உள்ளங்கையில் மீனும் அப்படியே. அதே தாளத்தில்.

மீனைத் தொட்டியில் போட்டாள். அதற்குள் தண்ணி மொத்தமும் சாக்கடைக்குப் போயிருந்தது. வெறும் சேறு. சமையல் மேடையிலிருந்த குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள். நல்லதண்ணி பட்டதும் மீன் துடித்தெழும்பி வெளியே விழுந்தது. மகிழினியின் உதடு நீலம் பாய்ந்தது.

"ஐயோ, யாராச்சும் வாங்களேன்!" மழையில் யாருக்குக் கேட்கும்?

மீனைப் பொத்திக்கொண்டு ஓடி, மருமகளின் தலையை மடியில் ஏந்தினாள். இரும வைக்கலாமென்று தாடையைத் திறந்தாள்.

வாய் நிறையத் தண்ணீர். விளிம்பு வரைக்கும். தெளிவாக, ஒரு சொட்டும் சிந்தாமல், லேசாக அலையடித்துக்கொண்டு. அடியில், தொண்டைக்குள், ஒரு பச்சைப் புல் ஆடியது.

குணசுந்தரிக்குப் புரிந்தது. அந்த மீனுக்கு மிச்சமிருக்கும் கடல் இந்த வாய்க்குள்தான். பொத்திய விரல்களுக்குள் மீனின் துடிப்பு குறைந்தது. தரையில் குதிகால்களின் அடியும் குறைந்தது. பெற்றதும் போகிறது, வந்ததும் போகிறது. இன்னொரு பிள்ளையைக் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

"என்ன மன்னிச்சிரு கண்ணு" என்றாள். இருவரில் யாரிடம் சொன்னாளோ.

கையை அந்த வாய்க்கு மேலே கொண்டுபோய் விரித்தாள்.

சின்னதாக ஒரு சத்தம். உதடுகள் தாமாகவே மூடிக்கொண்டன. கால்கள் அடங்கின. நெஞ்சு ஏறி இறங்கியது. நிறைந்த வயிற்றோடு தூங்குகிற குழந்தையின் மூச்சு. குணசுந்தரி வாய்விட்டு அழுதுகொண்டே மருமகளின் முகத்தைத் துடைத்தாள்.

அவள் விரலடியில், கன்னத்தின் உள்பக்கம், ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பிப் படுத்தது.