ஏழாம் காம்பராவின் சராசரி

கிட்ட வாங்க கண்ணுகளா, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உட்காருங்க. வெளிச்சம் கொடுக்க வந்த ஒரு பிள்ளையின் கதை இது. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்க.

கௌசி கண்ட முதல் பிழை மிகச் சின்னது. மேட்டு லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையில், ஏழாம் காம்பராவான ஏழாம் வீட்டுக்கு நேரே கணினித் திரையில் இருந்த எண், நேற்றைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது.

அது கூடக்கூடாத எண். ஏழாம் காம்பராவில் ஆள் இல்லை. கதவில் துருப்பிடித்த பூட்டு. கரண்டு வயரைக்கூட எப்போதோ அறுத்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. எந்த லயத்துக்குப் புது மின்இணைப்புக் கொடுக்கலாம் என்று ஆராய, பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள் யாழ்ப்பாணத்துக் கௌசி. இந்த மலைத் தண்ணீர்தான் பொல்பிட்டிய மின்நிலையத்தில் கரண்டாகி ஊரெல்லாம் போகிறது. லயத்திலோ பொழுது சாய்ந்தால் பல்பு பழுத்த இலை மாதிரி மங்கிக் கிடக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஓடும் கரண்டின் அளவைக் கணினிக்குக் காட்டினால், அது தானே படித்துப் பழகி, நாளைக்கு யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லும். அந்தக் கணக்கை வைத்துத்தான் கொழும்பில் முடிவெடுப்பார்கள்.

அளவுக் கருவி பூட்டப் போன அன்றைக்கே, ஆறாம் காம்பராப் பூரணி விரல் மடக்கி வீடுகளை எண்ணிக் காட்டினாள்.

"அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்போது..."

"ஏழை விட்டிட்டியள் அக்கா" என்றாள் கௌசி.

எட்டாம் காம்பரா ஆண்டியப்பன் வெள்ளை மீசை குலுங்கச் சிரித்தார். "ஏழைய எல்லாருந்தான் விட்டுட்டாங்க மிஸ்!"

பூரணி சிரிக்கவில்லை. "சும்மா இருங்க மாமா. மலை சரிஞ்ச வருசம் அந்தக் குடும்பமே மண்ணுக்குள்ள போயிருச்சு மிஸ். ஆளில்லாத வீட்ட நாங்க எண்ண மாட்டோம். எண்ணிட்டா ஆளு வேணும்ல?"

கொழும்பிலிருந்து மேலதிகாரி கோபிசங்கர் தொலைபேசியில் வேறு மாதிரிச் சொன்னார். "ஒரு வீடு வெறுமையாக் கிடந்தாலும் முழு லயத்தையும் பட்டியலால தூக்கிப்போடுவினம், கௌசி. வெள்ளிக்கிழமை நாலு மணியோட பட்டியலை மூடுகினம். பக்கத்து வீடுகளின்ர சராசரியைப் போட்டு நிரப்பும். எல்லாரும் செய்யிறதுதானே."

ஏழைத் தவிர மற்றப் பதினொரு வீட்டுச் சனம் வெளிச்சத்துக்குக் காத்திருந்தது. கௌசி ஆறையும் எட்டையும் கூட்டினாள். இரண்டால் பிரித்தாள். ஏழில் வைத்தாள்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம் ஒன்று பழசாகி மூடிக்கிடந்தது. அதைத்தான் அவளுக்கு வேலைசெய்யக் கொடுத்திருந்தார்கள். பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்துக்கொள்ள, தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, என்றைக்கோ சிந்திய பாலின் புளித்த வாடையும் தொழிற்சாலையிலிருந்து வரும் வாடிய கொழுந்தின் வாடையும் அறைக்குள் கலந்து நிற்க, அவள் கன்னத்து மச்சத்தை விரலால் நெருடியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூரணி கொழுந்து மலையில். ஆண்டியப்பன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில். ஆறாம் வீட்டில் பூஜ்யம். எட்டாம் வீட்டிலும் பூஜ்யம். இரண்டு பூஜ்யத்தின் சராசரி என்ன? திரையிலோ ஏழாம் வீட்டுக்கு நேரே ஒரு பல்பு எரியும் அளவு எண்.

அந்த எண்ணை அழித்துப் பூஜ்யம் போட்டாள். பழைய எண் திரும்பி வந்தது. மறுபடி அழித்தாள். வந்தது. இம்முறை இரண்டு பல்பு.

வீட்டையே நீக்கிவிடலாம். நீக்கினால் லயம் போய்விடும். மணி மூன்று நாற்பது.

கண்ணால் பார்த்துவிட்டு வந்து அனுப்பலாம் என்று எழுந்தாள்.

மேட்டு லயத்து வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. முன்திண்ணையான இஸ்தோப்பில் ஏறி, சுவரைத் தடவிக்கொண்டே கதவு கதவாகக் கடந்தாள். நாலு. அஞ்சு. ஆறு.

நின்றாள்.

ஏழாம் கதவின் அடியில் மஞ்சள் கோடு. வெளிச்சம்.

தேயிலைத் தூள் கொதிக்கும் வாசம். அதற்கு அடியில் ஈர மண்ணின் வாசம்.

உள்ளே யாரோ இருமினார்கள். பொம்பளை இருமலாகத் தொடங்கியது. ஆம்பளை இருமலாக முடிந்தது.

ஓடு. ஒரு அடி பின்னால் வைத்தாள்.

பூட்டு தொங்கியபடியே தொங்கியது. கதவு திறந்தது.

பூரணியின் மூக்குத்தி. ஆண்டியப்பனின் மீசை. ஒரே முகத்தில். மூக்குத்தி பாதி சதைக்குள் புதைந்திருந்தது. மீசை பாதிதான் வெளுத்திருந்தது. உயரம் இருவருக்கும் நடுவில். வயதும் நடுவில்.

"எங்களையும் சேர்த்துட்டீங்கள்ல, மிஸ்?"

இரண்டு குரல். ஒரு வாய்.

பதினொரு வீடு, பதினொரு வீடு என்று நெஞ்சு அடித்தது. இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அத்தனை பேருக்கும் இருட்டு. அவள் தலை தானாக ஆடியது. ஆமாம்.

அது சிரித்தது. கதவை அகலத் திறந்தது.

அதன் பின்னால், இடுப்புயரமே உள்ள ஆட்கள், வரிசையாக. முகம் இன்னும் முடியாத ஆட்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பு. எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பார்க்கவில்லை. படித்தார்கள்.

முன்னால் நின்ற சின்னதின் வெறும் கன்னத்தில் ஒரு புள்ளி கறுத்தது. பெரிதானது.

கௌசியின் மச்சம்.

உங்க வீட்டு விளக்கு மங்காமல் எரியட்டும் கண்ணுகளா. அதன் கீழே சோற்றுக்கு உட்காருகிற முகமெல்லாம் உங்க சொந்த முகமாகவே இருக்கட்டும்.