சித்திரையில் ஒரு கம்பளி

1954 மே 18, காலை ஆறு மணி. பாறசாலையை அடுத்த முதியோர் இல்லத்திலிருந்து ஐந்தாவது சடலம் வெளியே வந்தது. வைசூரி. பாயில் சுற்றப்பட்டிருந்தவள் காரோட்டுக் கடற்கரைக்காரி அல்போன்சம்மா. தள்ளி நின்று தொப்பியைக் கழற்றிய சப் இன்ஸ்பெக்டர் சகாயதாஸ் அவள் பெற்ற மகன். தொட்டு அழவும் அந்நோய் இடந்தரவில்லை.

வாசலில், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரும் எல்லைக் கிளர்ச்சிக்காரர் கூட்டம். "மலையாளத்தி வேணுமின்னே தமிழ்க் கிழங்களைக் கொன்னுட்டா!" நர்ஸ் ஸ்ரீகுமாரியைத்தான் சொன்னார்கள். குற்றம் நிலைத்தால் அவளுக்குச் சிறை. அதுவரை கூட்டம் பொறுக்குமா என்பதே ஐயம்.

இல்லத்தின் விதி ஒன்றே: புதிதாய் வருபவருக்கு உடல் சுட்டால் பத்து நாள் வெளிக்கொட்டகை. ஏப்ரல் 20 அன்று வந்த தங்கையனோ நேரே கூடத்தில் சேர்க்கப்பட்டார். மூன்றாம் நாள் முத்து கண்டது. முதலில் மாண்டவர் அவரே.

ஏழு மணி. சகாயதாஸ் ஸ்ரீகுமாரியை விசாரித்தார்.

"தங்கையன் வந்தப்ப உடம்பைச் சோதிச்சியா?"

"சோதிச்சேன் சாரே. சீட்டெழுதி மானேஜருக்க மேசையில வச்சேன். தமிழ்லதான் எழுதணும்னு அவருக்க உத்தரவாக்கும்."

"எந்தச் சீட்டும் வரலை," என்றார் மானேஜர் பொன்னையன். திருநெல்வேலியிலிருந்து அவர் வந்து மூன்று மாதம். "காய்ச்சல்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா கொட்டகைக்கு அனுப்பியிருக்க மாட்டேனா?"

சகாயதாஸ் சாமான் அறைக்குச் சென்றார். எரிப்பதற்காகக் கட்டிவைத்த தங்கையனின் துணிகள்மேல் ஒரு கம்பளி கிடந்தது.

"சித்திரை வெயிலில கம்பளியா?"

"நானும் சிரிச்சேன் மக்கா," என்றாள் அந்த அறையைக் கவனிக்கும் விஜயம்மா. "வந்த அன்னைக்கே மானேஜர் குடுக்கச் சொன்னாரு. கிழவன் குளிரு தாங்க மாட்டாராம்."

சகாயதாஸ் திரும்பி வந்து ஸ்ரீகுமாரியிடம் கேட்டார்: "சீட்டில எழுதின வார்த்தை என்ன?"

"பனி. தங்கையனுக்குப் பனி."

பொன்னையனின் முகம் வெளுத்தது.

"சீட்டைப் படிச்சது நீர்தான் வோய். கிணறு வத்துற வெயிலில கம்பளி குடுக்க வேற காரணமில்லை. உம்ம ஊரில பனின்னா மார்கழியில பெய்யும். இங்க அது உடம்பைச் சுடும்."

"முத்துப் போட்ட பிறகுதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சீட்டை எரிச்சிட்டேன். தெரியாமப் பண்ணினது ஐயா!"

"படிச்சது தெரியாம. எரிச்சது?"



சகாயதாஸ் ஸ்ரீகுமாரியை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "எலே, பனின்னா என்ன?"

"காய்ச்சலாக்கும்," என்றான் கொடி பிடித்தவன். "இது தெரியாதா?"

"அதைத்தான் அவ எழுதினா."

கூச்சல் அடங்கிற்று. கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது. ஸ்ரீகுமாரியோ கூடத்தை நோக்கித் திரும்பினாள். உள்ளே ஏழு பேர் தண்ணீர் கேட்டுக் கிடந்தார்கள். பின்னே வந்த சகாயதாஸைக் கதவருகே தடுத்தாள்.

"நீங்க வரண்டாம் சாரே. மகனை உள்ள விடாதேன்னு, உங்க அம்மை கடைசியா என்னிட்ட அது மட்டுந்தான் கேட்டா."