கறுப்புச் சீட்டு

இருபது நாள் விடுப்பு முடிந்து, காலை ஏழு மணிக்கு அவசரப் பிரிவுக்குள் நுழைந்தாள் பெரிய சிஸ்டர். தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. கடைசித் தூணருகே மட்டும் ஈரம் காயவில்லை.

அங்கேதான் அந்த விபத்து நாளில் கறுப்புச் சீட்டுக்காரர்களைக் கிடத்தியிருந்தார்கள்.

அவள் விடுப்பில் போவதற்கு முந்தின நாள் இரண்டு பேருந்துகள் மோதி நாற்பத்தொரு பேர் வந்து குவிந்தார்கள். வாசலில் நின்று அவர்கள் கையில் சீட்டு கட்டியவள் இவள். சிவப்பு என்றால் உடனே உள்ளே, மஞ்சள் காத்திருக்கலாம், கறுப்பு என்றால் கைவிட்டாயிற்று. மூச்சு இல்லாவிட்டாலும், தாடையை ஒரு தடவை தூக்கிப் பார்த்த பிறகே கறுப்பு கட்ட வேண்டும். நாக்கு தொண்டையை அடைத்திருந்தால் அதிலேயே மூச்சு திரும்பிவிடும். புதிதாக வரும் பெண்களுக்குத் தலையில் குட்டாத குறையாக இதைச் சொல்லிக்கொடுத்தவளே, பச்சைச் சால்வை போர்த்தியிருந்த ஓர் அம்மாளுக்கு மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை.

அதுகூடப் பதற்றத்தில் நடந்த தவறு. அடுத்தது அப்படியல்ல. அரைமணி கழித்துப் பிணவறை ஊழியர் வந்து கிசுகிசுத்தார்.

"சிஸ்டர், அந்தம்மா தொண்டையில ஏதோ சத்தம் வருதே?"

போய்ப் பார்த்தால் தன் தவறு எல்லாருக்கும் தெரிந்துவிடும். "அப்படித்தான் வரும். எடுத்துட்டுப் போங்க" என்றாள். அந்த வெட்கம்தான் இருபது நாளாக அவளை அரித்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசினாள்.

கர்ர்ர்...

தூணருகிலிருந்து வந்தது. அடைத்த தொண்டையின் சத்தம். மனப்பிரமை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போது ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"பச்சைச் சால்வை போட்டிருந்தாங்களே, அவங்க பொண்ணு நான். அவங்க சாமான வாங்கிட்டுப் போக வந்தேன். அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா சிஸ்டர்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லம்மா. வரும்போதே உயிர் இல்ல."

கர்ர்ர்...

பெண் சட்டென்று திரும்பினாள். "அங்க யாரு படுத்திருக்கா?"

"யாருமில்லையேம்மா."

"எங்கம்மா குரட்டை எனக்குத் தெரியாதா? பக்கத்து வீடு வரைக்கும் கேக்குதுன்னு கேலி பண்ணுவேனே..."

பெரிய சிஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பொய் சொன்னேம்மா. உயிர் இருந்துச்சு. நான் பாக்கல. சத்தம் வருதுன்னு வந்து சொன்னாங்க. அப்பவும் பாக்கல."

தூணருகே இருந்த வெறுந்தரைக்குத் தவழ்ந்து போனாள். ஒரு தாடை இருக்க வேண்டிய இடத்தில் விரல்களைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள்.

சத்தம் நின்றது.

உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது. பிறகு இன்னொன்று.

மகள் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

"கையை எடுத்துடாதீங்க, சிஸ்டர்."