செத்ததை மட்டும்

மதியத்திலிருந்து காலில் குறுகுறுப்பு இல்லை. அதுதான் தையல்காரரை உறுத்தியது. நேற்றெல்லாம் வலைத்துணிக் கட்டுக்குள் புழுக்கள் நெளிவது, மெஷினில் நூல் ஓடுவதைப் போல விடாமல் தெரிந்துகொண்டே இருந்தது.

சர்க்கரைப் புண். காலை எடுத்துவிட்டால் மெஷின் மிதிப்பது எப்படி என்று அவர் அழுததைப் பார்த்துத்தான் நர்ஸ் அவற்றைக் கொண்டுவந்தாள்.

"மருந்துக்குன்னே வளர்க்கிற புழு. செத்த சதையை மட்டுந்தான் தின்னும், உயிருள்ளதைத் தொடாது. காலை மட்டும் அசைச்சுடாதீங்க."

காலைப் பலகையோடு இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். நாளைதான் வருவாள்.

மனைவி கட்டிலை ஒட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். காலையில் குளியலறையில் தடாலென்று சத்தம் கேட்டு, இவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட பிறகு, ஈரத் துணியோடு மெல்ல வெளியே வந்தவள், வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு இவர் விரல்களோடு விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வழுக்கிடுச்சுங்க. ஒண்ணுமில்ல."

கை சில்லிட்டிருந்தது. மூடிய அறையில் சோப்பு வாசனை, அதன் அடியில் வேறு ஏதோ வாடை. புண்தான் நாறுகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

"ஒரு வாய் சாப்பிட்டு வாயேன். இந்த வீட்டுல வேளாவேளைக்குச் சாப்பிடுறது என் புழுக்கள் மட்டுந்தான்."

"பசிக்கலைங்க."

சிரிக்கவில்லை. அவருடைய அசட்டு ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவள்.

வெளிச்சம் மங்கும்போது தலையைத் தூக்கிப் பார்த்தார். கட்டு ஓரத்தில் நெகிழ்ந்திருந்தது. உள்ளே புண் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. கால் பிழைத்துவிட்டது! சந்தோஷத்தில் கண் கலங்கியது. புழுக்களைத்தான் காணோம்.

தொடையில் ஏதோ ஊர்ந்தது. பிறகு இடுப்பில். வயிற்றில்.

போர்வையை விலக்கினார். வெள்ளையாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவர் உடம்பை வெறும் பாதையாக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ஒன்றுகூட நிற்கவில்லை. முழங்கை. மணிக்கட்டு. கோத்திருந்த விரல்கள்.

அங்கே நின்றன. அவள் விரலிடுக்கில் தலையைப் புதைத்தன.

"கையை எடும்மா..."

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் இழுத்தார். வரவில்லை. பலகை முனகியது. கால் நகரவில்லை. அவளுடைய விறைத்த விரல்கள் இன்னும் இறுகின.

"பயப்படாதீங்க. உங்களை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

காலையிலிருந்து காயாத அவளுடைய சட்டைக் கைக்குள் அவை ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தன. அவள் மறுகையால் அவர் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.