உப்பில் வளர்ந்த வெற்று ஈஸ்ட்

ஒரகடத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்த பரசுராமனின் சின்ன அறைக்கு அமலா வந்தபோது கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவளுக்குச் சீருடை எதற்கு என்று வழியில் தோன்றியது. தோன்றியதோடு சரி. அழுகை வரவில்லை. ஷிப்ட் முழுக்க நின்ற கால் மரத்துப்போவதைப் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பரசுராமன் முன்பு ஒரு தொழிற்சாலையில் திருட்டுப் பிடிக்கிற அதிகாரியாக இருந்தவர். இப்போது தனியாக விசாரணை செய்கிறார். அவருடைய உதவியாளர் ஷெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"திருடிட்டன்னு சொல்றாங்களா?" என்றார் அவர்.

"ஏமாத்திட்டேன்னு சொல்றாங்க சார். போலீஸ்ல குடுப்பாங்களாம். அப்புறம் எந்த லேப்புலயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க."

"மொதல்ல இருந்து சொல்லு."

"வல்லம் வடகால்ல எங்க லேப். உவர்நிலத்துப் புல்லுல இருந்து ஒரு ஜீனை எடுத்து ஈஸ்டுக்குள்ள வெச்சிருக்கோம். உப்பைத் தாங்குதான்னு நெல்லுல வெச்சுப் பாக்க வருசக்கணக்காவும். ஈஸ்டுன்னா ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடும்."

"பன்னுக்குப் போடற ஈஸ்டா?" என்றாள் ஷெர்லின்.

"அதே ஜாதிதான்க்கா. கடல்பாசி ஜெல்லி ஊத்தின தட்டுல சொட்டுச் சொட்டா வெப்போம். இந்தப் பக்கம் ஜீன் வெச்ச ஈஸ்ட், அந்தப் பக்கம் ஜீன் இல்லாத வெத்து ஈஸ்ட். உப்புப் போட்ட தட்டுல வெத்து ஈஸ்ட் செத்துடணும். இந்தத் தடவ மூணு உப்புத் தட்டுலயும் ரெண்டுமே வளந்து நிக்குது."

"அப்ப அந்த ஜீனால பிரயோஜனம் இல்லன்னு ஆயிடுதே."

"ஆமா சார். ஆனா முன்னாடியெல்லாம் சரியா வந்துது. அதனால நான் ரெண்டு பக்கமும் ஒரே ஈஸ்டை வெச்சு வேணும்னே கெடுத்துட்டேன்றாரு மேனேஜர். நான் வேற கம்பெனி இன்டர்வியூக்குப் போனது அவருக்குத் தெரிஞ்சிடுச்சு."

"போனியா?"

"போனேன்."

"நல்ல கம்பெனியா?"

"கேன்டீன் நல்லா இருந்துச்சு சார்."

ஷெர்லின் சிரித்துவிட்டாள். பரசுராமன் சிரிக்கவில்லை. "உப்பு போடாத தட்டும் வெப்பீங்களா?"

"மூணு வெப்போம், ஒப்பிட்டுப் பாக்க. அதுல எப்பவும் ரெண்டுமே வளரும்."

"இந்தத் தடவ வளந்துச்சா?"

அமலா நிமிர்ந்து பார்த்தாள். "அத யாரும் பாக்கல சார். உப்புத் தட்டப் பாத்ததுமே சண்டை வந்துடுச்சு."

போலீஸ் வந்தால் விஷயம் வாடிக்கையாளர் காதுக்குப் போகும் என்ற பயத்தில்தான் மேனேஜர் வசந்தகுமார் அவர்கள் மூவரையும் லேப்புக்குள் விட்டார். "ஒரு தட்டு தப்பா வந்தா கைத்தவறு. மூணும் தப்பா வந்தா அது திட்டம்," என்றார், அமலாவைப் பார்க்காமலே.

உப்புத் தட்டுகள் குளிர்பெட்டியில் பூட்டியிருந்தன. உப்பில்லாத தட்டுகள் கழிவுப் பையில் கிடந்தன. பை நிறைந்த பிறகுதான் அதைப் பெரிய குக்கரில் வேகவைத்து எறிவார்கள். ஷெர்லின் கையுறை போட்டு அவற்றைத் தேடி எடுத்தாள். ஆறு தட்டுகளும் மேசைமேல் வரிசையாக வந்தன. மூன்று மூடிகளில் 'உப்பு', மூன்றில் 'சாதா'.

"எல்லாத் தட்டுலயும் ஓரத்துல பச்சையா பூஞ்சை கீதே?" என்றார் பரசுராமன்.

"மூடியத் தொறந்து வெச்சாதான் அப்படி விழும் சார். நான் தொறந்து வெக்க மாட்டேன்."

"எழுத்து எப்பவும் மூடியிலதான் இருக்குமா?"

"அடியில எழுதுவோம். இந்தத் தடவ மட்டும், பாக்க வர்ற கஸ்டமர் கண்ணுல படட்டும்னு மேனேஜர் மூடியில எழுதச் சொன்னாரு."

பரசுராமன் சாதாத் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் வெள்ளைப் பொட்டுகள் திரண்டிருந்தன. மறுபக்கம் வெறுமையாக இருந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

"இந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் ஒரே ஈஸ்டை வெச்சிருந்தா, ரெண்டு பக்கமும் வளந்திருக்கணும். உப்பே இல்லாத தட்டுல வெத்து ஈஸ்ட் ஏன் சாவுது?"

வசந்தகுமார் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஈஸ்ட் மாறல. மூடி மாறிருக்கு," என்றாள் ஷெர்லின் அவசரமாக. "ஆனா மூணுக்கு மூணு எப்படி சார் மாறும்?"

"யாரோ எல்லா மூடியையும் தொறந்திருக்காங்க, அதான் பூஞ்சை. துடைக்கிற அம்மாவக் கூப்பிடு."

அம்சவல்லி துடைப்பத்தோடு வந்து நின்றாள். காண்ட்ராக்டில் வருகிறவள்.

"கஸ்டமர் வந்த அன்னிக்குக் காலையில இங்க இன்னாம்மா செஞ்ச?"

"எல்லாத்தயும் தொடைச்சேன்பா. ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல படக்கூடாதுன்னு மேனேஜர் சாரு சொல்லிட்டாரு. இந்தத் தட்டு மூடியெல்லாம் உள்ள வேர்த்துக் கெடந்துது. கயட்டித் தொடைச்சி மூடிட்டேன்."

பரசுராமன் ஆறு காலித் தட்டுகளைக் கேட்டு வாங்கினார். அமலா அன்று வைத்திருந்த வரிசைப்படியே, முதல் மூன்று மூடிகளில் உப்பு, அடுத்த மூன்றில் சாதா என்று எழுதி வைத்தார். "அன்னிக்குச் செஞ்ச மாதிரியே செய்யி."

அவள் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு மூடியாகக் கழற்றித் துடைத்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு அடுக்கின் மேலிருந்து எடுத்து, மறுபடி இடப்பக்கத்திலிருந்தே மூடிக்கொண்டு போனாள். கடைசியாகக் கழற்றியது முதல் தட்டுக்குப் போனது. உப்புத் தட்டுகள் மூன்றும் சாதா ஆயின, சாதா மூன்றும் உப்பாயின.

வசந்தகுமார் மூடிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"அப்ப ஜீன் வேலை செய்யுது!" என்றார் வசந்தகுமார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "அமலா, நீ நாளைக்கு டூட்டிக்கு வந்துடு. எல்லாம் இந்தம்மாவால வந்த வினை. காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி வேற ஆள் அனுப்பச் சொல்றேன்." போனை எடுத்தார்.

வேலை திரும்பிவிட்டது. சந்தோஷம் வரும் என்று அமலா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

"சார், போனை வைங்க," என்றாள்.

"என்ன?"

"தொடைக்கச் சொன்னது நீங்க. மூடியில எழுதச் சொன்னதும் நீங்க. முடியாதுன்னு சொல்லாம எழுதினது நானு. அதுல அவங்க எங்க வராங்க?"

"இப்பதான் உன் வேலை திரும்பி வந்திருக்கு. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுதான் பேசறேன். அவங்கள அனுப்பினா, ஹெட் ஆபீஸ்ல கேட்டா இதையேதான் சொல்லுவேன். இவங்க ரெண்டு பேரும் கேட்டுக்கினுதான் இருக்காங்க."

பரசுராமன் கைக்கடிகாரத்தின் வாரைச் சரிசெய்தார். ஷெர்லின் மேனேஜரையே முறைத்துக்கொண்டிருந்தாள். போன் மெதுவாக மேசைக்கு வந்தது.

அம்சவல்லிக்கு எதுவும் விளங்கவில்லை. அமலாவின் முழங்கையைத் தொட்டாள். "இன்னா கண்ணு சொல்றாரு? நான் நாளைக்கு வரணுமா, வோணாமா?"

"வாங்கம்மா," என்றாள் அமலா.